கிரான்போட் மூதாட்டிகள்



பாடசாலை மேடைகளில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். கூன் முதுகும் நடுங்கும் குரலுமாக ஒரு மாணவன் கிழவி வேடந் தாங்கித் தோன்றியதும், அவன் வாய் திறக்குமுன்னரே சபை சிரிக்கத் தொடங்கிவிடும். முதுமையே நகைப்புக்குப் போதிய காரணமாகிவிடுகிறது. இச்சிரிப்பு எனக்கு என்றும் உவப்பாயிருந்ததில்லை. அப்படியாயின், மூதாட்டிகளைப் பற்றி நகைச்சுவையாக எழுதவே கூடாதா? எழுதலாம் என்பதற்குச் சான்றாக ஓர் ஆங்கில நாவலை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

எலிசபெத் காஸ்கெல் அம்மையார் இயற்றிய 'கிரான்போட்' என்பதே அந்நாவல். சாள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழிற் பகுதி பகுதியாக 1851ஆம் ஆண்டு முதல் வெளிவந்து, 1853இல் நூலுருப் பெற்றது.

கிரான்போட் என்னும் சிற்றூரில் ஆட்சி மூதாட்டிகளுடையது. அவர்களுட் பெரும்பாலோர் மணமாகாதவர். அன்றேல் கணவரை இழந்தவர். கையிற் பொருள் குறைவு. அதனை வாய்விட்டுச் சொல்வதோ மரியாதைக் குறைவு. மிஸ் மற்றி என்பார் இரு மெழுகுதிரிகளை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டுமே ஏற்றுவார். விருந்தினர் வரின் இரண்டும் ஒரே உயரமாய்த் தோன்றவேண்டுமல்லவா? ஆகவே மாற்றி மாற்றி ஏற்றுவார். இன்னோர் அம்மையாரின் பசு சுண்ணாம்புக் குழியில் வீழ்ந்து உரோமத்தை இழந்துவிடுகிறது. உடுப்புத் தைத்துப் போடும்படி கப்டன் பிறவுண் சொல்ல, அவ்வம்மையாரும் அவ்வாறே கம்பளியுடை அணிவித்துப் பசுவை மேய்ச்சலுக்கு அனுப்புகிறார்!

மற்றியின் தமக்கை டெபோரா எவருக்கும் தலைவணங்காதவர். டாக்டர் யோன்சனின் நடையே சிறந்ததென்று, டிக்கன்சைப் போற்றிய கப்டனோடு வழக்கிட்டவர். அந்தக் கப்டன் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் புகையிரதப் பாதையிற் பாய்ந்து உயிர் துறந்தபோது, அவர் மகளைத் தனியே விடாது இறுதிச் சடங்குக்குத் துணையாய்ச் சென்றவரும் அதே டெபோராதான். நாம் நகைத்த பிடிவாதத்தின் மறுபக்கத்தை அங்கே காண்கிறோம்.

தமக்கை மறைந்தபின் மற்றிக்குப் பெருஞ் சோதனை நேர்கிறது. அவர் பங்கு வைத்திருந்த வங்கி முறிகிறது. அச்செய்தி ஊர்ஜிதமாகுமுன், ஒரு கடையில் அவ்வங்கியின் தாளை ஏற்க மறுக்கப்பட்டுத் திகைத்து நின்ற குடியானவனுக்கு, தாம் பட்டு வாங்கக் கொணர்ந்த 5 பொற்காசுகளையும் கொடுத்து அத்தாளைப் பெற்றுக்கொள்கிறார். பங்குதாரராகிய தமக்கும் அதிற் பொறுப்புண்டு என்பது அவர் கொள்கை.

தோழியர் இரகசியமாகக் கூடுகின்றனர். தாமே சிக்கனமாய் வாழ்பவராயினும், தத்தமக்கு இயன்ற தொகையைத் தாளில் எழுதி, மடித்து, முத்திரையிட்டுக் கொடுக்கின்றனர். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. மற்றிக்கோ எதுவுமே தெரியக்கூடாது. வறுமையை மறைக்கும் அவ்வூர் வழக்கத்தைக் கண்டு முன்னர் நகைத்தோம். இப்போது அதே வழக்கம் ஈகையை மறைக்கப் பயன்படுகிறது. இவ்விடத்தில் நம் சிரிப்பு அடங்கி, கண் கசிகிறது.

மற்றி தம் வீட்டிலேயே தேயிலை விற்கத் தொடங்குகிறார். அதற்குமுன், ஊரிலுள்ள கடைக்காரரிடம் சென்று, அவர் வியாபாரத்துக்கு இதனாற் கேடு வருமோ என்று வினவுகிறார். அவரோ தம்மிடம் வருவோரையும் மற்றியிடமே அனுப்பிவைக்கிறார்! அந்நாளில் ஆங்கிலேயர் பருகியது பெரும்பாலும் சீனத் தேயிலை. நம் நாட்டில் யேம்ஸ் ரெயிலர் தேயிலைத் தோட்டம் அமைத்தது 1867இலேயே.

நேயர்களே, நகைச்சுவையில் இருவகையுண்டு. ஒருவரைத் தாழ்த்திச் சிரிப்பது ஒன்று; அவர் அருகில் அமர்ந்து சிரிப்பது மற்றொன்று. காஸ்கெல் அம்மையார் தேர்ந்தது இரண்டாவது. அதனாலேயே, சிரித்து முடிந்தபின் அம்மூதாட்டிகளிடத்து நமக்கு மதிப்பு மிகுகிறதேயன்றிக் குறைவதில்லை. நம் இல்லங்களின் திண்ணைகளிலும் நெடுங்காலத் தோழியர் இருவர் அமர்ந்து ஊர்க்கதை பேசுவதுண்டு. அடுத்தமுறை அவர்களைக் கடந்து செல்லும்போது, சற்றே நின்று கேளுங்கள்.