சீட்டு எங்கே?

நடுவர் அவர்களே! தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்கத் தடை சட்டம்தான் என்று எதிரணி நண்பர் முழங்கினார். சட்டம் இருக்குதுங்க ஐயா! ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நோய் உறுதியானவருக்கு ஆலை 1 லட்சம் ரூபாய் கொடுக்கணும்னு 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையில் சேர்ந்து 40 வருஷம், இல்லை ஓய்வுக்குப் பின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்கணும் என்றும் சொன்னது.

எங்க அப்பா ஷீட் கம்பெனியில் மூட்டை பிரித்தவர். காண்ட்ராக்ட் கூலி. சட்டையை உதறினால் வாசலே வெளுத்துப் போகும். அதைத் துவைத்த அம்மாவும் இருமுறாங்க; அவங்க எந்தக் கணக்கிலும் இல்லை, விடுங்க.

இந்த நோய் தலைகாட்டவே 20, 30 வருஷம் ஆகும். முதல் டாக்டர் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார். நோய் இன்னதென்று தெரிந்தபோது அப்பாவால் நாலு படி ஏற முடியவில்லை. வக்கீல் கேட்டார்: "சம்பளச் சீட்டு இருக்கா?"

கம்பெனியில் கேட்டோம். "அப்படி ஒரு ஆளே இங்கே இல்லையே"ன்னாங்க!

ஐயா, எங்ககிட்ட சம்பளச் சீட்டு இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுதான் இருக்கு! (கைதட்டல்) ஒரு தீபாவளிக்கு விளிம்பு உடைஞ்சதாப் பார்த்துக் கொடுத்தாங்க. இன்னிக்கும் அதுதான் எங்க கூரை. கம்பெனி முத்திரை அழியாம இருக்கு. அப்பா பேருதான் எதிலும் இல்லை.