பெண் பார்க்கும் கண்



நினைவுச் சொற்பொழிவில் நகைச்சுவைப் படத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று ஒரு சமூகம் பழகிக்கொள்ளும் இடம் நகைச்சுவை. ஆகவே பேசத்தான் வேண்டும்.

2015இல் 'இஞ்சி இடுப்பழகி' தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. அதற்காகவே எடையைக் கூட்டிக்கொண்டு அனுஷ்கா நடித்தார். பருமனான மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லையே என்று தாயாக வரும் ஊர்வசி தவிக்கிறார். உடலை மெலிய வைப்பதாகச் சொல்லிக் காசு பறிக்கும் நிலையத்தை மகள் எதிர்த்து நிற்கிறாள். முன்னணி நடிகை ஒருவர் அந்த உடலோடு கதையின் நடுவில் நின்றதைப் பாராட்டுவோம்.

ஆனால் படம் கூண்டில் ஏற்றுவது வியாபாரியை மட்டுமே. அவனிடம் பெண்களை அனுப்பிவைப்பது பெண் பார்க்கும் சடங்கு. அது யாருக்காக நடக்கிறது? படம் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. அம்பேத்கர் 1916இலேயே போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை, அகமணமே சாதியின் உயிர்நாடி என்றும், அதைக் காக்கவே பெண் கட்டுப்படுத்தப்படுகிறாள் என்றும் காட்டியது. எடையும் நிறமும் அந்த வேலிக்குள் நடக்கும் பேரம்.

2007இல் வந்த 'சிவாஜி'யையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நாயகனும் கறுப்புதான். வெள்ளையாக முயன்று ஒரு பாட்டே பாடுகிறார். ஆனாலும் அவர் நாயகன். பாரி மகளிரின் பெயர் தாங்கிய அங்கவையும் சங்கவையும் கறுப்பாக இருப்பதாலேயே கேலிப்பொருள் ஆகிறார்கள். அரங்கம் சிரித்தது.

கறுப்பு எல்லாச் சாதியிலும் உண்டு. சாதி என்பது இனப்பிரிவு அல்ல என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். ஆனால் பெண் பார்க்கும் கண், கறுப்பை வெயிலோடும், வெயிலைக் கூலி வேலையோடும், கூலி வேலையைச் சேரியோடும் சேர்த்தே பார்க்கிறது. 1975 முதல் விற்பனையான 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறியது, கண் மாறவில்லை.

'உன்னை நீயே நேசி' என்று இத்தகைய படங்கள் சொல்கின்றன. நல்ல சொல்தான். நாற்று நடும் பெண்ணும் குப்பை அள்ளும் பெண்ணும் தங்களை வெறுக்கவில்லை. அவர்கள் தொட்ட குடத்தை வெறுக்கிறவர்கள் வேறு ஆட்கள். கண்ணாடி முன் நின்று மட்டும் இதைத் தீர்க்க முடியாது.

அந்தப் படம் வந்த நான்கு மாதத்துக்குள், 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டையில் தோழர் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யாவும் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். சாதி மறுத்து மணம் செய்ததற்கு அதுவே தண்டனை. பார்க்கப்பட வேண்டியவள் தானே பார்த்துத் தேர்ந்துகொண்டால் சாதிக்கு எவ்வளவு ஆத்திரம் வருகிறது பாருங்கள்.

மாணவத் தோழர்களே, அழகு பற்றிய விவாதத்தை இங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். சாதி மறுத்து இணைகிறவர்களுக்குத் துணை நில்லுங்கள். அரங்கம் ஒரு பெண்ணின் நிறத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது, சிரிக்காமல் இருங்கள். ஏன் சிரிக்கவில்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.