பொதுப் பணத்தில் போட்ட பாதைக்குப் பூட்டு ஏன்?

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டவுடன் சில நண்பர்கள், "ஜாதி, மதம், சடங்கு, புரோகிதம் ஆகியவைகளைப் பற்றிப் பேசித் திரிகிற உங்களுக்கு இணையதளத்தின் தரத்தைப் பற்றியும் உபயோகத்தைப் பற்றியும் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். நாம் இதற்காகக் கலாசாலைக்குப் போய்ப் படித்தவர்கள் அல்ல. கையில் கிடைத்ததைப் படித்தும், விளங்காததை விளங்கியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதுதான் நமது படிப்பு. ஆனால் செருப்புக் கடிக்கிறது என்று சொல்லுவதற்கு ஒருவனுக்குச் செருப்புத் தைக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பது சட்டமா? காசு கொடுத்தவன் தன் காசு என்ன ஆயிற்று என்று கேட்பதற்குப் பட்டம் எதற்கு?

அன்றியும் இது நமது இயக்கத்துக்குப் புதிய விஷயமும் அல்ல. 1924-ல் வைக்கத்தில் நடந்தது என்ன? கோயிலுக்குள் விடு என்றுகூட அன்று கேட்கவில்லை. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் எல்லா ஜாதியாரும் நடக்கவேண்டும் என்றுதான் கேட்டார்கள். அந்தத் தெருக்கள் சர்க்கார் தெருக்கள். எல்லோருடைய வரிப்பணத்திலும் பராமரிக்கப்பட்டவை. "பணம் கொடுக்கும்போது தீட்டில்லை, நடக்கும்போது மாத்திரம் தீட்டா?" என்பதுதான் அந்தப் போராட்டத்தின் சாரம். பெரியார் இரண்டு தடவை சிறை சென்றார். 1925-ல் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்துவிடப்பட்டன; ஒரு பக்கம் அப்போதும் அடைத்தே வைக்கப்பட்டது. இந்த "மூன்று பக்கம் திறப்பு, ஒரு பக்கம் அடைப்பு" என்பதைத் தோழர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

முதலில் தரம் என்றால் என்ன என்று பார்ப்போம். பெரிய மிராசுதார் வீட்டில் நெல் வாங்க ஒரு மரக்காலும் கடன் கொடுக்க ஒரு மரக்காலும் வைத்திருந்ததாக நமது பாட்டன்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊருக்கு ஒரு படி, கடைக்கு ஒரு பலம் என்று இருந்தவரையில் ஏமாந்தவன் யார்? ஏழைதான். எல்லோருக்கும் ஒரே அளவு என்று 1956-ல் சட்டம் வந்தது. அளவு எவன் வீட்டுச் சொத்தும் அல்ல என்று ஆனபிறகுதான் அளக்கிறவனை எதிர்த்துக் கேட்க இடம் கிடைத்தது.

இணையத்துக்கும் அப்படியே ஒரு பொது அளவு உண்டு. ஜெனிவாவுக்குப் பக்கத்தில் செர்ன் என்ற விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989-ல் இந்த வலைக்கு யோசனை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30-ந் தேதி அந்த நிலையத்தார், "இதற்கு எவரும் நமக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை, உலகத்தார் எடுத்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டார்கள். 1994-ல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு என்று ஒரு சபை ஏற்பட்டு, பக்கத்தை இப்படி எழுதினால் எந்தக் கம்பெனியின் கருவியிலும் திறக்கும் என்று பொது விதிகளை வகுத்து வருகிறது. அந்தப் பொது விதிகளைத்தான் தரம் என்கிறோம். அந்த முதல் பக்கத்தின் எழுத்து இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கிற போனிலும் திறக்கும். பொதுச் சொத்துக்கு உள்ள ஆயுள் அது.

நிற்க. இங்கிலாந்து தேசத்திலே பி.பி.சி. என்ற ஒலி, ஒளிபரப்பு ஸ்தாபனம் இருக்கிறது. அது விளம்பரக்காரன் பணத்தில் நடப்பதல்ல. டெலிவிஷன் பார்க்கிற ஒவ்வொரு வீட்டாரும் கட்டவேண்டிய லைசென்சுக் கட்டணத்தில் நடப்பது. 2007-ல் கலர் டெலிவிஷனுக்கு அந்தக் கட்டணம் வருஷத்துக்கு 135 பவுண்டு 50 பென்சு. கட்டாவிட்டால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். அந்த வருஷம் ஜூலை மாதத்தில் அவர்கள் ஐபிளேயர் என்று ஒன்றைப் பொதுமக்களின் சோதனைக்கு விட்டார்கள். டெலிவிஷனில் வந்த நிகழ்ச்சிகளை இணையத்தின் மூலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. நல்ல காரியந்தான். ஆனால் மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் எக்ஸ்.பி. இருந்தால்தான் அது திறக்கும். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் வைத்திருப்பவன் எல்லோரும் கட்டணத்தைக் கட்டிவிட்டு வெளியே நிற்கவேண்டியதுதான்!

அந்நாட்டு மக்கள் சும்மா இருக்கவில்லை. 16,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டுப் பிரதம மந்திரிக்கு விண்ணப்பம் போட்டார்கள். அப்போது பி.பி.சி.யை மேற்பார்த்துவந்த டிரஸ்டும், எல்லாக் கருவிகளுக்கும் இது பொதுவாகவேண்டும், அதில் எவ்வளவு தூரம் முன்னேறினார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிப்போம் என்று நிபந்தனை போட்டிருந்தது. இதற்குச் சொல்லப்பட்ட சமாதானங்களைக் கவனியுங்கள். ஏனென்றால் எந்தத் தேசத்தில் எந்தக் கதவை அடைத்தாலும் இதே சமாதானங்கள்தான் வரும்.

முதல் சமாதானம்: "நிகழ்ச்சிக்குச் சொந்தக்காரர்கள் பூட்டுப் போடச் சொல்லுகிறார்கள், 30 நாளில் தானாக அழிந்துபோகிற பூட்டு அந்த ஒரு கம்பெனியிடம்தான் இருக்கிறது" என்பது. நடிகனுக்கும் எழுத்தாளனுக்கும் கூலி கிடைக்கவேண்டும் என்பதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. உழைத்தவனுக்குக் கூலி வேண்டாம் என்று நாம் ஒருக்காலும் சொல்லமாட்டோம். ஆனால் வேறு வழியே கிடையாது என்றார்களே, அது உண்மையா? ஜூலையில் இல்லாத வழி டிசம்பரில் வந்துவிட்டது. இறக்கி வைக்காமல் அப்படியே ஓடவிட்டுப் பார்க்கும் முறையை எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் திறந்தார்கள். கூச்சல் போட்டவுடன் முடியாதது ஐந்து மாதத்தில் முடிந்தது! ஆனால் இறக்கி வைத்துப் பார்க்கும் வசதி மற்றவர்களுக்கு 2008 டிசம்பர் வரை கிடைக்கவில்லை. இதுதான் நாம் முன்னே சொன்ன மூன்று பக்கம் திறப்பு, ஒரு பக்கம் அடைப்பு.

இரண்டாவது சமாதானம்: "வெளியே நிற்கிறவர்கள் சொற்பப் பேர்" என்பது. அந்த ஸ்தாபனத்தின் மேலதிகாரி ஒருவர், தங்கள் தளத்துக்கு வரும் 1 கோடியே 71 லட்சம் பேரில் லினக்ஸ்காரர்கள் 400 முதல் 600 பேர்தான் என்று சொன்னார். ஜனங்கள் கேலி செய்யவே, திருப்பிக் கணக்குப் பார்த்து 36,600-லிருந்து 97,600 வரை இருக்கலாம் என்று திருத்திச் சொன்னார். 400 எங்கே, 97,600 எங்கே? அதிகாரியின் யோக்கியதையைக் குறைக்க இதை நாம் சொல்லவில்லை. தப்பை ஒப்புக்கொண்டார், அதுவரையில் மரியாதைதான். ஆனால் கணக்கு எவ்வளவாக இருந்தால்தான் என்ன? 600 பேர் என்றால் அவர்கள் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா? அன்றியும், கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பவர்களை எண்ணி, "பார், வெளியார் எவருமே இல்லை" என்பது என்ன கணக்கு? கிணற்றில் இறங்கவிடாமல் அடித்துத் துரத்திவிட்டு, "அந்த ஜாதியார் இந்தக் கிணற்றுக்கே வருவதில்லையே" என்று சொன்னவர்களை நாம் பார்த்ததில்லையா?

மூன்றாவது சமாதானம்: "செலவு அதிகம்" என்பது. இதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கைச் சொல்லுகிறோம். 2000-ம் வருஷம் சிட்னியில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதன் இணையதளத்தைத் தம்மால் உபயோகிக்க முடியவில்லை என்று புரூஸ் மகுவயர் என்ற கண்பார்வையற்றவர் மனித உரிமைக் கமிஷனிடம் புகார் செய்தார். திருத்துவதற்கு 21 லட்சம் டாலருக்கு மேல் ஆகும், ஒருவர் வேலை பார்த்தால் 368 நாளாகும் என்று பந்தயக் கமிட்டி வாதாடியது. விஷயம் தெரிந்த சாட்சிகளோ, சிலர் சேர்ந்தால் நாலு வாரத்து வேலை என்றார்கள். கமிஷன் திருத்தும்படி உத்தரவிட்டது. கமிட்டி முழுவதும் செய்யாமல் பந்தயத்தை முடித்துக்கொள்ளவே, 20,000 டாலர் நஷ்ட ஈடு கொடுக்கும்படி ஆயிற்று. வீடு கட்டும்போதே படியோடு சாய்தளமும் வைத்தால் செலவு கொஞ்சம். கட்டி முடித்த பிறகு இடித்து வைத்தால் அதிகந்தான். அந்த அதிகம் யாருடைய குற்றம்?

இனி நமது பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. தரம், தரம் என்று சொல்லி அதையே ஒரு வேதமாக்கிவிடக்கூடாது. அந்தக் கூட்டமைப்பு எல்லோரும் அணுகும்படி பக்கம் எழுதுவதற்கான விதிகளை 1999-ல் வெளியிட்டது. 2008-ல் புதுப்பித்தது, 2018-லும் 2023-லும் மேலும் சேர்த்தது. தப்பென்று கண்டால் திருத்துகிறார்கள். வேதத்துக்கு இந்த யோக்கியதை உண்டா? அதே சபைதான், பெரிய கம்பெனிகளும் படக்காரர்களும் கேட்ட பூட்டுக்கு இடங்கொடுக்கும் ஏற்பாட்டை 2017-ல் தரமாக ஏற்றுக்கொண்டது. அது பிடிக்காமல் மின்னணு எல்லை அறக்கட்டளை என்ற அமெரிக்கச் சங்கம் அந்தச் சபையை விட்டே வெளியேறியது. ஆகவே சபை சொல்லிவிட்டது என்பதற்காக நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

நமது கூட்டங்களுக்கு வருகிற கண்பார்வையற்ற தோழர் ஒருவர் இருக்கிறார். அவருடைய போன் பக்கத்தில் உள்ளதைப் படித்துச் சொல்லும். ஒரு நாள் ஒரு பொது அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தார். அறிவிப்பு முழுவதையும் காகிதத்தில் அச்சடித்துப் படமாகப் பிடித்துப் போட்டிருந்தார்கள். போன் "படம்" என்றது. கீழே போனார், மறுபடியும் "படம்" என்றது. புரோகிதனுடைய மந்திரத்திலாவது நாலு வார்த்தை இருக்கும். இதில் ஒரே வார்த்தை! பிறகு அந்தப் பக்கத்தைத் தரம் பார்க்கும் சோதனைக் கருவியில் போட்டோம். படத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறது, சரி என்று அது சொல்லிவிட்டது. எழுதியிருந்த விளக்கம் என்ன? "படம்" என்பதுதான். சாஸ்திரப்படி சரி, தோழருக்கு மாத்திரம் விஷயம் தெரியவில்லை.

இதைக் கண்டு, "தரமே வேண்டாம், உபயோகம் ஒன்றே போதும்" என்று சிலர் சொல்லுகிறார்கள். அதுவும் அரை உண்மைதான். யாருடைய உபயோகம்? எழுதின விதி இல்லாவிட்டால், பெரும்பாலோருக்குச் சௌகரியமாக இருக்கிறது என்று சொல்லி மீதிப் பேரைத் தள்ளிவிடுவார்கள். நிலத்து விவகாரம் தெரிந்த உங்களுக்கு இது சுலபமாக விளங்கும். தரம் என்பது பத்திரம். உபயோகம் என்பது அனுபோகம். பத்திரம் இருந்து அனுபோகம் இல்லாவிட்டால் நிலம் பேருக்குத்தான் நம்முடையது. அனுபோகம் இருந்து பத்திரம் இல்லாவிட்டால் எவனும் நம்மைக் கிளப்பிவிடலாம். இரண்டும் வேண்டும்.

நமது தேசத்துக்கு வருவோம். அச்சுக்கும் தட்டெழுத்துக்கும் சுலபமாக இருக்கவேண்டும் என்று பெரியார் 1935-ல் "குடி அரசு"வில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். தமிழ்த் தாயின் மேனி கெட்டுவிடும் என்று பண்டிதர்கள் அழுதார்கள். 1978-ல் தமிழ்நாடு சர்க்காரே அதை ஏற்றது. தாய்க்கு ஒன்றும் நேரவில்லை. பிறகு கம்ப்யூட்டர் வந்தபோது ஆளுக்கு ஒரு எழுத்துருவும் குறியீடும் வைத்துக்கொண்டு, ஒருவன் எழுதினது இன்னொருவன் கருவியில் கட்டமும் புள்ளியுமாக விழுந்த கூத்தையும் பார்த்தோம். யூனிக்கோடு என்ற பொதுக் குறியீடு பரவியபிறகுதான் தமிழ் எங்கும் தமிழாகவே தெரிகிறது.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான 2016-ம் வருஷத்துச் சட்டத்தின் 42-வது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணுச் செய்திகள் எல்லாம் அவர்களும் அணுகும்படி இருக்கச் செய்வது சர்க்காரின் கடமை என்கிறது. கண் சிமிட்டிக் காட்டினால்தான் பாங்கிக் கணக்கு என்றதனால் திராவக வீச்சில் முகம் சிதைந்த பெண்கள் போட்ட வழக்கில், மின்னணு வசதிகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்துகிற பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று தனது ஐபிளேயரைப் போன்ற ஒன்றை ஆரம்பித்தது. பத்திரம் நமது கையில் இருக்கிறது. அனுபோகம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது நாம்தான்.

ஆகையால் தோழர்களே, வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பொதுப் பணத்தில் நடக்கிற ஏதாவது ஒரு தளத்தை உங்கள் பழைய போனில் திறந்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, போன் படிப்பதை மாத்திரம் கேட்டுப் பாருங்கள். காது கேளாதவருக்கு எழுத்து ஓடுகிறதா, எழுபது வயதுப் பாட்டிக்கு எழுத்துப் பெரிதாகிறதா, தமிழ் தெரிந்தவனுக்கு வழி தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சம்பந்தப்பட்ட அதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். "இது டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது" என்று எவனாவது சொன்னால், அவன் பழைய புரோகிதனுக்கு அண்ணன் தம்பி என்று தெரிந்துகொள்ளுங்கள். புரியும்படி சொல்லவேண்டியது சம்பளம் வாங்குகிறவனுடைய வேலை.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளவேண்டாம். சோதித்துப் பாருங்கள்; தப்பாயிருந்தால் நமக்கே சொல்லுங்கள், திருத்திக்கொள்ளுகிறோம். சரியென்று பட்டால் மாத்திரம் சும்மா இருந்துவிடாதீர்கள். காசு கொடுத்தவன் கதவுக்கு வெளியே நிற்பது விதியல்ல. எவனோ போட்ட பூட்டு. பூட்டு என்றால் திறக்க முடியும் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.