கோழிகளின் குடற்புழு நோயும் குஞ்சுகளின் இரத்தக் கழிச்சலும்

(திருகோணமலை மாவட்டக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் நிகழ்த்திய உரை)



நெல்லையும் மரக்கறியையும் பற்றிப் பேசவேண்டியவர் கோழியைப் பற்றிப் பேச முற்படுவதேன் என நீங்கள் வினவலாம். 1978 ஆம் ஆண்டிலே கால்நடைப் பகுதி விவசாயத் திணைக்களத்தினின்றும் பிரிந்து தனித் திணைக்களமாயிற்று. கோழிக்கு மருந்து எழுதுபவர் கால்நடை வைத்தியரே. ஆயினும் உங்கள் கத்தரிப் பாத்தியைப் பார்க்க வரும்போது என் கண்ணில் முதலிற் படுவது முற்றத்திற் கூனிக் குறுகி நிற்கும் கோழியேயாகும். மாரி காலத்தில் அப்படித்தான் என்று நாம் அதனை விட்டுவிடுகின்றோம். கார்த்திகையிற் பன்னிரண்டு குஞ்சு பொரித்த பேடு தைப்பொங்கலன்று மூன்று குஞ்சுகளோடு திரிந்தால் அதனையும் விதியென ஏற்றுக்கொள்கின்றோம். முட்டைக் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. நெல் வீடு வந்து சேருமுன் உள்ள மாதங்களிற் பிள்ளைகளின் கொப்பிக்கும் பென்சிலுக்கும் உதவுவது அதுவே. இந்த நட்டத்திற் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

கோழியின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகள் யாவும் புழுக்களல்ல. ஒரு வகை, கண்ணுக்குத் தெரியும் புழு. கோழியை மெல்ல மெல்ல மெலிவிப்பது. மற்றையது, நுணுக்குக்காட்டியாலன்றிக் காணமுடியாத கொக்சிடியா என்னும் ஒருகல உயிர். குஞ்சுகளைச் சில நாட்களிலேயே கொல்வது. ஒன்றுக்குரிய மருந்து மற்றையதைத் தீண்டாது. இரத்தங் கழியும் குஞ்சுக்குப் புழு மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் நாளையும் இழந்து குஞ்சையும் இழக்கின்றார்.

புழுக்களுள் முதன்மையானது உருளைப்புழு. வெண்மஞ்சள் நிறமுடையது, 5 முதல் 12 சதமமீற்றர் வரை நீளமானது, சிறுகுடலில் வாழ்வது. இதன் முட்டைகள் எச்சத்தோடு நிலத்தில் விழுந்து, ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் ஏறத்தாழ இரண்டு வாரத்துள் நோயுண்டாக்கும் நிலையை அடைகின்றன. நிலத்தைக் கிளறி மணி கொத்தும் கோழி அவற்றையும் சேர்த்து விழுங்குகின்றது. பின் 5 முதல் 8 வாரங்களிற் புழு முதிர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கும். அம்முட்டைகள் ஈரநிழலிற் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லன. வெயிலும் வறட்சியுமே அவற்றின் பகை.

இந்நோய் கண்ட கோழி இரை உண்ணும். ஆனால் உடல் தேறாது. கையிலெடுத்து நெஞ்செலும்பைத் தடவினாற் கத்தி விளிம்பு போல உறுத்தும். கொண்டை வெளிறும், சிறகு தொங்கும், முட்டை குறையும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட இளங்கோழிகளையே இது மிக வருத்தும். புழு மிகுந்தாற் குடல் அடைபட்டுச் சாவதுமுண்டு. அரிதாக, உடைத்த முட்டையினுள்ளேயே ஒரு புழு கிடப்பதுண்டு. அதைக் கண்டு அஞ்சவேண்டாம். கோழியின் உருளைப்புழு மனிதரைப் பற்றுவதன்று. ஆயினும் அம்முட்டையை எறிந்துவிட்டுக் கோழிகளுக்கு மருந்து தேடுங்கள். எச்சத்தில் அரிசி போன்ற வெண் துண்டுகள் காணப்படின் அவை நாடாப்புழுவின் துண்டங்கள். எறும்பு, வண்டு, ஈ முதலியவற்றைத் தின்பதால் வருவது அது. அதற்கு வேறு மருந்து வேண்டும்.

இனிக் கொக்சிடியாவுக்கு வருவோம். மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளே இதற்குப் பெரிதும் இரையாகின்றன. குஞ்சுகள் ஒன்றோடொன்று நெருங்கி, இறகைச் சிலிர்த்துக் கண்மூடி நிற்கும். எச்சம் இரத்தங் கலந்து செந்நிறமாகும். அன்றைக்கே வைத்தியரை நாடவேண்டும். நாளைக்கு என்பது இந்நோயிற் பிந்திப்போன நாள். அம்புரோலியம் என்னும் மருந்தையோ சல்பா மருந்தொன்றையோ குடிநீரிற் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். அம்புரோலியம் கொடுக்கும் நாட்களில், குஞ்சு தேறட்டும் என்று விற்றமின் பி கலந்த தூளையும் சேர்த்துக் கொடுப்பவர் உளர். அது நன்மையன்று. அம்மருந்து வேலை செய்வது விற்றமின் பி1 இனைக் கிருமிக்குக் கிடைக்காமற் செய்வதாலேயே; நாமே அதனை அள்ளிக் கொடுத்தால் மருந்தின் வலு குன்றிவிடும். விற்றமினைப் பின்னர் கொடுக்கலாம்.

மெலிந்து இறந்த கோழியின் குடலைக் கீறிப் பார்ப்பது நல்ல சோதனையாகும். உருளைப்புழு இருப்பின் தானே தெரியும். குருட்டுக்குடல்கள் இரண்டும் இரத்தத்தால் நிறைந்து வீங்கியிருப்பின் அது கொக்சிடியா. பார்த்தபின் ஆழமாகப் புதைத்துக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். ஆனால் பல கோழிகள் ஒரே வேளையில் திடீரென இறந்தாலோ, கழுத்துத் திருகிப் பச்சை எச்சம் கழிந்தாலோ, கத்தியைத் தொடவேண்டாம். அது இராணிக்கேத்து நோயாகவோ வேறு கொடிய தொற்றாகவோ இருக்கலாம். உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

புழு மருந்துகளுட் பழையதும் மலிவானதும் பிப்பரசீன். அது முதிர்ந்த உருளைப்புழுவை வெளியேற்றும், குடற்சுவரிற் புதைந்துள்ள இளம்புழுவைத் தொடாது, நாடாப்புழுவையும் வெல்லாது. ஆகவே வைத்தியர் குறிக்கும் நாளில் மறுமுறையும் கொடுக்கவேண்டும். அளவு கோழியின் நிறையைப் பொறுத்தது, கண்மதிப்பில் ஊற்றுவதாகாது. நீரிற் கலந்து கொடுப்பதானால், முதல்நாள் மாலை நீர்ப்பாத்திரத்தை எடுத்துவிட்டு, மறுநாட் காலை மருந்துநீர் முடியும்வரை கோழிகளைக் கூட்டிலேயே அடைத்துவையுங்கள். திறந்துவிட்டால் வாய்க்கால் நீரைக் குடித்துவிட்டு வரும். மருந்து பாத்திரத்தில் மிஞ்சும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்பதையும் கேட்டறிக. வேப்பிலையும் பப்பாசிப் பாலும் கொடுப்போரை நான் தடுப்பதில்லை. அவற்றை மட்டும் நம்பியிருத்தல் எனக்கு உடன்பாடன்று. மண்ணெண்ணெய் பருக்குவதோ கொடுமை.

மருந்து கொடுத்த கோழியை அதே ஈரநிலத்தில் விட்டால் அது மீண்டும் புழுவைப் பொறுக்கும். நமது மாவட்டத்து ஆண்டு மழையிற் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள நான்கு மாதத்திற் பெய்துவிடுகின்றது. நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணல் விரைவில் வடிந்துவிடும். தம்பலகாமம், கந்தளாய் வயற்புறத்துக் களிமண்ணிலோ முற்றம் வாரக்கணக்கிற் சதசதவென்று கிடக்கும். அங்கேதான் நோய் முற்றும். ஆதலாற் புரட்டாதி முடியுமுன், பெரும்போக வேலை தலைக்குமேல் வந்துவிடுமுன், கோழிகளுக்குப் புழு மருந்து கொடுத்துவிடுங்கள். கூட்டை மேட்டில் அமைத்து, தரையில் நான்கு விரற்கடை உமி பரப்புங்கள். நெல் ஆலையில் உமிக்குக் குறைவில்லை. நனைந்த உமியை அன்றே அகற்றுங்கள். கொக்சிடியாவின் உறை சாதாரணக் கிருமிநாசினிக்கு அழியாது. உலர்வுக்கும் கொதிநீருக்குமே அஞ்சும். குறுநெல்லையும் தவிட்டையும் தரையிற் கொட்டாது தட்டில் வையுங்கள். மாரியிற் பொரித்த குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு கலக்கவிடாது முதல் எட்டு வாரமும் உலர்ந்த தரையில் வேறாக வளருங்கள்.

கூட்டில் அள்ளிய எருவைப் பச்சையாகத் தக்காளிப் பாத்தியில் இடுபவர்கள், கோழியும் அங்கேயே கிளறுவதை மறந்துவிடுகின்றனர். வைக்கோலோடு கலந்து குவித்து, இடைக்கிடை புரட்டி, உள்ளே சூடேறி மக்கியபின் இடுங்கள். பயிருக்கும் அதுவே நல்லது.

எந்தப் புழு என ஐயம் எழுமாயின், காலையில் விழுந்த புதிய எச்சத்தை, மூன்று நான்கு கோழிகளிடமிருந்து சிறிது சிறிதாக எடுத்து, மூடியுள்ள சுத்தமான போத்தலில் இட்டு, அன்று காலையிலேயே உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். கோழிகளின் வயதையும், முன்பு கொடுத்த மருந்தின் பெயரையும் ஒரு துண்டில் எழுதிச் செல்வது நன்று.