வானம் பார்த்த பூமியில் கருவியும் ஒப்புரவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் மண்வெட்டிக்கும் கோடரிக்கும் என்ன வேலை என்னும் வினா எழக்கூடும். அவ்வினாவிற்குச் சங்க இலக்கியமே விடை கூறுகிறது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் இருவர் படைக்கலங்களையும் ஒப்பிட்டார். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் பொலிவுடன் இருந்தன. அதியமானின் வேல்களோ போரில் சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடந்தன. புகழ்வதுபோலப் பழித்த அப்பாட்டின் நயம் வகுப்பறைகளில் பன்முறை விளக்கப்பட்டதே. ஆயினும் அதனுள் கருவியைப் பற்றிய ஓர் உண்மையும் பொதிந்துள்ளது. கருவியின் பெருமை அதன் பளபளப்பில் இல்லை. உழைத்துத் தேய்ந்து, உலைக்களம் சென்று, மீண்டும் உழைக்க வருவதில் இருக்கிறது. அவ்வாறு மீண்டு வர வேண்டுமாயின் முதலில் அந்த இரும்பு நல்லிரும்பாக இருத்தல் வேண்டும்.

பொன்முடியாரும் தம் புறப்பாட்டில் தாய், தந்தை, வேந்தன் ஆகியோரின் கடமைகளை வகுக்கும்போது கொல்லனுக்கும் ஓர் இடம் அளித்துள்ளார். அங்குக் ‘கடன்’ என்னும் சொல் கடமையைக் குறிக்கிறது. இன்று அச்சொல் திருப்பித் தர வேண்டிய பொருளையும் குறிக்கிறது. இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொடும் இடம்தான் கருவியை இரவல் கொடுப்பதும் வாங்குவதும்.

மண்ணும் கருவியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த பூமி. குண்டாறு மழைக்காலத்தில் சில நாள் ஓடி, எஞ்சிய நாளெல்லாம் மணலாகக் கிடப்பது. கண்மாய் பெருகினால் நெல் உண்டு. இல்லையேல் சோளம், கம்பு, பருத்தி, உளுந்து, மல்லி என மானாவாரிப் பயிரே கதி. கரிசல் மண்ணின் இயல்போ தனி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாக இறுகும். மழை பெய்தால் பசையாகிக் கருவியோடு ஒட்டிக்கொண்டு வரும். மெல்லிய தகட்டு மண்வெட்டி இறுகிய நிலத்தில் வாய் மடங்கிவிடும். நனைந்த நிலத்தில் கழுத்துப் பற்றவைப்பு விட்டுப்போகும்.

இம்மண்ணோடு சீமைக்கருவேலும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்தது. தரிசாய்ப் போன புன்செய்களைப் பற்றிக்கொண்டு, பின்னர் இவ்வட்டாரத்து ஏழைகளுக்குக் கரிமூட்டத் தொழிலையும் தந்தது. அதன் கிளையை அரிவாளால் கழிக்கலாம். அடிமரத்திற்குக் கோடரி வேண்டும். தூரைப் பெயர்க்கக் கடப்பாரை வேண்டும். முள்ளுக்கு நடுவே குனிந்து வெட்டுபவரின் கையில் மழுங்கிய கோடரி இருந்தால், அது மரத்தில் பதியாமல் வழுக்கிக் காலைத் தேடி வரும். மலிவுக் கருவியின் முழு விலை கடையில் கொடுத்த பணத்தோடு முடிவதில்லை என்பதை அந்தத் தழும்புகள் சொல்லும்.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பது பழமொழி. வல்லவனைப் பாராட்டப் பிறந்த இம்மொழி, நாளடைவில் உழைப்பவரின் கருவிக்குறையை மறைக்கவும் பயன்பட்டுவிட்டது. பகலெல்லாம் புல்லை ஆயுதமாகப் பிடித்தவரின் உள்ளங்கையைப் பார்த்தபின் அதனைச் சொல்ல நா எழாது. வயலுக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று இது. அருப்புக்கோட்டை நெசவாளர் இதனை வேறு வழியில் அறிவர். நாடாவின் மரம் வழவழப்பாக இல்லாவிட்டால், அது ஓடும்போதெல்லாம் பாவு இழை அறும். அறுந்த இழையை முடிவதிலேயே நெசவாளியின் நாள் போய்விடும்.

உலையிரும்பும் கடையிரும்பும்

வைகைக்கரைத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். திரைப்படங்களின் தயவால் அப்பெயர் வெட்டு, குத்து என்பவற்றோடு ஒட்டிக்கொண்டது. 2005இல் வெளிவந்த ஒரு திரைப்படம் ‘திருப்பாச்சி’ என்றே பெயர் தாங்கியது. ஆனால் அரிவாள் என்பது கதிர் அறுக்கவும், ஓலை வெட்டவும், முள் கழிக்கவும் பிறந்த கருவி. 

நாட்டுக் கொல்லர் பலர் லாரிகளின் தேய்ந்த பட்டைவில்லை வாங்கி அரிவாள் அடிப்பர். பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த அந்த எஃகில் கரிச்சத்து போதிய அளவில் உள்ளது. அதனைக் காய்ச்சி, அடித்து, வாயைப் பழுக்கவைத்துத் தோய்ச்சல் கொடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. தோய்ச்சல் மிகுந்தால் வாய் கண்ணாடிபோல் சில்லுப் பெயரும். குறைந்தால் ஈயம்போல் மடங்கும். மீண்டும் இளஞ்சூடு ஏற்றும்போது இரும்பின் மேல் வைக்கோல் நிறம் ஓடி, நீலம் படரத் தொடங்கும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது கொல்லனின் கண்ணுக்குத் தெரியும். கடையில் தொங்கும் மலிவுச் சரக்கில் பெரும்பாலும் இந்தக் கண் இல்லை. தகட்டை வெட்டி, பற்றவைத்து, வண்ணம் பூசியிருப்பார்கள். வண்ணம் எல்லா இரும்பையும் ஒன்றுபோலக் காட்டும்.

முன்னாளில் கொல்லன் நல்ல கருவி செய்ததற்கு அவனது மனச்சான்று மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. கிராமத்துக் கொல்லனுக்கு ஆண்டு முழுவதும் செய்த பழுது வேலைகளுக்காகக் களத்தில் தானியம் அளந்தார்கள். கருவி அடிக்கடி கெட்டால், கூடுதல் கூலியின்றி அவனே திரும்பத் திரும்ப உலை ஊத வேண்டும். ஆகவே நல்ல கருவி செய்வதில் செய்பவனுக்கும் நலன் இருந்தது. பணத்திற்கு விற்கும் முறை வந்தபின், விற்ற கணமே விற்றவனின் கடமை முடிந்துவிடுகிறது. கருவி விரைவில் கெட்டால் அவனுக்கு இன்னொரு விற்பனை. தரம் குறைந்ததன் வேர் இந்த மாற்றத்தில் இருக்கிறது. ஆயினும் பழைய முறையைப் பொற்காலம் எனப் போற்ற வேண்டியதில்லை. களத்தில் அளந்த தானியம் கொல்லனைச் சாதியோடும் ஊரோடும் கட்டியும் வைத்திருந்தது.

நூறு ரூபாய்க் கருவி ஒரு பருவத்தில் போய்விடுகிறது, முந்நூறு ரூபாய்க் கருவி பத்துப் பருவம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், எது மலிவு என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் மழை பெய்த மறுநாள் கூலிக்காரப் பெண்ணின் முந்தானை முடிச்சில் இருப்பது நூறு ரூபாய்தான். கணக்குத் தெரியாமல் அவள் மலிவானதை வாங்குவதில்லை. கணக்குத் தெரிந்தும் வாங்குகிறாள். அதுவும் கெட்டபின் அவளுக்கு எஞ்சுவது அண்டை வீட்டு வாசல்தான்.

இரத்தலும் இரவலும்

‘இரவல்’ என்னும் சொல்லில் இரத்தலின் நிழல் இருக்கிறது. வள்ளுவர் இரவு, இரவச்சம் என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தவர். கேட்பவரின் நா கூசுவதை அவரைப்போல் உணர்ந்தவர் அரியர். தொல்காப்பியரும் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் வேறுபடுத்தினார். இழிந்தோன் ‘ஈ’ என்பான். ஒப்போன் ‘தா’ என்பான். உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். இன்றைய பேச்சில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. ஆனால் அதன் வேலையை விளிப்பெயர்கள் செய்துவருகின்றன. “மதினி, கோடாலியச் செத்தத் தாங்க, பொழுதுக்குள்ள கொண்டாந்துர்றேன்” என்று கேட்பவளின் குரலில் ஒப்போன் குரல் இருக்கிறது. “ஐயா” என்று வாசலுக்கு வெளியே நின்று அதே கோடரியைக் கேட்க வேண்டியிருந்தவர்களும் இம்மண்ணில் உண்டு. ஒரே இரும்பு, ஒரே வேலை. கேட்கும் தொலைவு மட்டும் வேறு. கருவி இரவலைப் பற்றிப் பேசுவோர் இந்தத் தொலைவைப் பேசாமல் விடுதல் நேர்மை ஆகாது.

கொடுக்க மறுப்பவரும் எப்போதும் கருமியர் அல்லர். இவ்வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையே விதைப்பிற்கு ஆதாரம். பயிர் முளைத்துக் களை எழும்போது, ஈரம் காய்வதற்குள் ஊரே களைக்கொத்தியோடு புன்செய்யில் நிற்கும். ஒருவருக்குத் தேவைப்படும் நாளில்தான் எல்லோருக்கும் அது தேவை. அந்நாளில் இரவல் கொடுப்பவர் தம் பயிரையே கொடுப்பவராவார். கோடரியும் கடப்பாரையும் அப்படியல்ல. பல நாள் மூலையில் சாத்திக் கிடப்பவை. ஆகவே களைக்கொத்தியும் அரிவாளும் வீட்டிற்கு ஒன்றேனும் நல்லதாக, சொந்தமாக இருத்தல் வேண்டும். கனத்த கருவிகள் நான்கு வீட்டிற்கு ஒன்று இருந்தால் போதும். ஆனால் நான்கு வீட்டு உழைப்பையும் தாங்கும் தரத்தில் இருத்தல் வேண்டும். ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்னும் பழமொழி முன்னதற்குப் பொருந்தும். பின்னதற்கு வள்ளுவரின் ஒப்புரவு பொருந்தும்.

ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உவமைகள் மூன்று: ஊருணி, பழமரம், மருந்துமரம். மூன்றும் ஊருக்குப் பொதுவாகப் பயன்படுபவை. அவற்றோடு நல்ல கருவியை நான்காவதாகச் சேர்க்கலாமா என எண்ணிப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. ஊருணி குறைந்தால் மழை நிரப்பும். மரம் அடுத்த பருவத்தில் மீண்டும் பழுக்கும். கருவியின் வாய் மழுங்கினால் அதனை இயற்கை தீட்டாது. கொண்டுபோனவரின் கைதான் தீட்ட வேண்டும். மழுங்கிய கோடரியை அப்படியே கொண்டுவந்து சாத்திவிட்டுப் போகிறவர் இரும்பைத் திருப்பித் தந்தார், கருவியைத் தரவில்லை. தீட்டி, மண் கழுவி, ஆடும் கணைக்கு ஆப்பு இறுக்கித் தருபவரிடம் இரத்தலின் நிழல் விலகிவிடுகிறது. அவர் மறுமுறை தலைநிமிர்ந்து கேட்கலாம்.

தகட்டுக் கருவியில் இந்த அறத்திற்கு இடமில்லை. அதனைத் தீட்டினாலும் கூர் நிற்காது. கொண்டுபோனவர் கையில் அது உடைந்தால், “நல்லாத்தானே இருந்துச்சு” என்று உடையவரும், “தொட்டதும் போச்சு” என்று கொண்டுபோனவரும் மனம் கசப்பர். இருவர் சொல்வதும் மெய்யாகவே இருக்கலாம். மலிவு இரும்பு இரு வீடுகளுக்கு இடையிலான பேச்சையும் அறுத்துவிடுகிறது.

ஆயுத பூசைநாளில் வீட்டுக் கருவிகள் கழுவிச் சந்தனம், குங்குமம் இடப்பெறும். அன்று அவை தம் வீட்டில் இருக்க வேண்டுமாதலின், இரவல் போனவையும் திரும்பியாக வேண்டும். பருவமழைக்குச் சற்று முன்னரே இவ்விழா வருவதும் எண்ணத்தக்கது. எது வீடு திரும்பவில்லை, எது தேய்ந்துபோயிற்று, எதற்குக் கணை மாற்ற வேண்டும் என்னும் ஆண்டுக் கணக்கெடுப்பு வழிபாட்டின் வடிவில் நடந்தேறிவிடுகிறது.

வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள்

தமிழக அரசின் வேளாண் பொறியியல் துறை உழவு இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. கைக்கோடரிக்கு அத்தகைய ஏற்பாடு பழக்கத்தில் இல்லை. அமெரிக்காவில் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் நூல்களைப் போலவே கைக்கருவிகளையும் இரவல் கொடுத்துவருகிறது. அங்குக் கருவியைக் கேட்பவர் எவர் வாசலிலும் நிற்பதில்லை. நூல் எடுப்பவரைப் போலவே எடுத்துச் செல்கிறார். இலக்கிய வட்டமும் நூல்களை இரவல் கொடுத்து வளர்ந்த அமைப்பே. உறுப்பினர் சிலர் சேர்ந்து, நல்லிரும்பாலான இரண்டு கோடரி, இரண்டு கடப்பாரை, ஒரு சாணைக்கல் ஆகியவற்றை வாங்கி, எந்தத் தெருவினரும் எந்தச் சாதியினரும் பெயர் எழுதி எடுத்துச் செல்லும்படி ஒரு பொதுவிடத்தில் வைப்பார்களாயின், பத்தாமாண்டு விழாவிற்கு அதுவும் ஒரு நினைவுச் சின்னமாகும்.

கவிஞர்களுக்கும் ஒரு பணி காத்திருக்கிறது. கணை, பூண், தோய்ச்சல், துருத்தி, சாணை என்னும் சொற்கள் உலைக்கூடங்களோடு அவிந்துகொண்டிருக்கின்றன. மண்வெட்டி என்னும் சொல்லை ஆங்கிலமும் ‘மமூட்டி’ எனக் கடன் வாங்கியது. அதனைக் கடன் கொடுத்த மொழி அச்சொற்களை இழந்துவிடலாகாது. அரிவாளைக் கொலைக்கருவியாக மட்டுமே கண்டு பழகிய கண்களுக்கு, கதிரறுக்கும் பெண்ணின் கையில் அதனை மீண்டும் காட்டுவதும் கவிதையின் கடன். முன்னோரிடம் இரவலாகப் பெற்ற சொற்களைத் தீட்டித் திருப்பித் தருதல் நம் அனைவர்க்கும் உரிய பொறுப்பு.