துப்பாக்கி கைமாறும்போது சட்டம் கேட்கும் கேள்வி



கல்லுடைக்கவும் கட்டடம் கட்டவும் சித்தூர், திருப்பதிப் பக்கம் வந்து பிழைக்கும் நமக்குத் துப்பாக்கிச் சட்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2015 நவம்பர் 17 அன்று சித்தூர் மேயர் கட்டாரி அனுராதா மாநகராட்சி அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகவே துப்பாக்கி யார் கைக்குப் போகிறது என்பது இங்கே வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமத்தோடு வைத்திருக்கும் சொந்தத் துப்பாக்கியை ஒருவர் இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் வாங்குபவர் அதை வைத்திருக்கச் சட்டப்படி தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். விற்கப் போவதை மாவட்ட மாஜிஸ்டிரேட்டான கலெக்டருக்கோ, பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிய வேண்டும்.

"நல்ல மனிதர், காட்டுப்பன்றி விரட்டத்தானே கேட்டார்" என்ற சமாதானம் செல்லாது. வாங்குபவரின் தகுதியை முன்கூட்டியே விசாரிக்காமல் கொடுப்பதே குற்றம் என்கிறது 29ஆம் பிரிவு. பயிரைக் காக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். நோக்கம் நல்லதாக இருப்பது உரிமத்துக்கு ஈடாகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோத விற்பனைக்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

தோழர்களே, நம்மில் எவரும் துப்பாக்கி வியாபாரி அல்ல. நமக்கு வரும் ஆபத்து வேறு வழியில் வருகிறது. "இந்த மூட்டையை ரெண்டு நாள் வச்சிருங்க அண்ணே, செலவுக்குத் தருகிறேன்" என்று ஒருவன் வருவான். உள்ளே இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972இலும் 1994இலும் விளக்கியிருக்கிறது. ஆனால் 35ஆம் பிரிவை மறக்கக் கூடாது. பலர் சேர்ந்து குடியிருக்கும் அறையிலோ, சேர்ந்து போகும் வண்டியிலோ கள்ள ஆயுதம் அகப்பட்டால், அது அங்கிருப்பதை அறிந்திருந்தார் என்று நம்ப இடமுள்ள ஒவ்வொருவரும் பொறுப்பாளி. இல்லையென்று காட்டுவது அவர் பாடு. பத்துப் பேர் ஓர் அறையில் படுக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய வலை!

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்பு என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அப்படிப்பட்ட மண்ணில், நம் அறையில் ஒரு கள்ளத் துப்பாக்கி அகப்பட்டால் நம் நியாயம் யார் காதில் ஏறும்?

ஆகவே, அடுத்தவர் மூட்டையை வாங்க வேண்டாம். சந்தேகம் வந்தால் தொட வேண்டாம்; மூத்தவர்களிடம் சொல்லி, வழக்கறிஞரோடு போலீசுக்குத் தெரிவிப்போம். எவரையேனும் பிடித்துப் போனால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தச் சொல்லிக் கேட்போம். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு. படித்துப் புரியாத தெலுங்குத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். உரிமமின்றி வைத்திருந்ததாக வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்டிரேட்டின் முன் அனுமதி வேண்டும். அது இருக்கிறதா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்வோம்.

கூலிக்கு வந்த நாம் கூலியோடு வீடு திரும்ப வேண்டும். இதை இன்றிரவே அறைத் தோழர்களிடம் சொல்லுங்கள்.