முதல் பாடவேளையில் தூங்கும் பிள்ளை

(ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரை)



வெயிலின் காரணமாக 2023இலும் 2024இலும் நம் பள்ளிகள் திறக்கும் நாள் தள்ளிவைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அரசு அறிவித்தது. பகல் வெயிலைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்று நான் இரவைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் அறைக்குள் விடுகிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். கடலோர ஊர்களில் ஈரப்பதமும் கூடிவிட்டால் அது எளிதில் உலர்வதில்லை. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வை உலர உதவுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்த ஏ.சி.யை இன்று பலரும் தவணையிலாவது வாங்குகிறார்கள். வாங்குபவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கைக்குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டில் அது உயிர் காக்கும் பொருள்.

ஆனால், நம் பிள்ளைகளில் பலர் ஏ.சி. வாங்க முடியாத வீடுகளிலிருந்து வருகிறார்கள். வாங்கினாலும் ஓட்ட முடியுமா? ஒரு கணக்குப் போடுவோம். 75 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் எடுப்பதாக வைத்துக்கொண்டால் 8 யூனிட். இந்தக் கணக்கில் 100 யூனிட் 13ஆம் இரவிலேயே தீர்ந்துவிடும். தசமப் பெருக்கல் நடத்தும்போது இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் வீட்டு மின் அட்டையைத் தேடி எடுத்துப் பார்ப்பார்கள்.

அறிவியல் வகுப்பில் இன்னொன்று சொல்லலாம். ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்து, தான் செலவிட்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. நெருக்கமான தெருவில் அந்தச் சூடு எதிர்வீட்டுச் சன்னலுக்குத்தான் போகும். எனவே, குளிர்ச்சியைக் கூரையிலிருந்து தொடங்க வேண்டும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், மேற்குச் சுவருக்கு நிழல் தருவதும் ஏ.சி. உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் பயன்படும். ஏ.சி. உள்ளவர்கள் 24 டிகிரியில் வைக்கட்டும். 2020 முதல் புதிய ஏ.சி.க்கள் அந்த அளவிலேயே அமைத்துத்தான் விற்கப்படுகின்றன.

இதைச் செய்து காட்டுவது எளிது. ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப்பெட்டிகளில் ஒன்றின் மேற்புறத்துக்கு மட்டும் சுண்ணாம்பு பூசி, இரண்டையும் வெயிலில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே இருக்கும் வெப்பநிலையைப் பிள்ளைகளே அளந்து எழுதட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் நடத்தும்போது, "யார் வீட்டில் ஏ.சி. இருக்கிறது?" என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். தூக்க முடியாத கைகள் அந்தப் பாடத்தை மறந்துவிடும், கேள்வியை மறக்காது.

ஜூன் மாதத்தில் முதல் பாடவேளையிலேயே கண் சொருகும் பிள்ளை சோம்பேறியாக இருக்க வேண்டியதில்லை. அதட்டுவதற்கு முன், "ராத்திரி தூங்கினாயா, கண்ணு?" என்று கேளுங்கள். முகம் கழுவித் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடினமான பாடத்தை அடுத்த வேளைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இதற்கு ஆணை எதுவும் வர வேண்டியதில்லை.